முப்பத்திரண்டாம் பெயர்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு செம்மொழி இரும்பு அலமாரியைத் திறப்பாள். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவளிடம் இருக்கும், இன்னொன்று டாக்டர் ஃபாஜிலிடம். அடித்தட்டில் மார்ஃபின் மாத்திரை அட்டைகள். மேல்தட்டில் நீளமான ஒரு பதிவேடு. பூதலூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில், பிரசவ வார்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் இது நடந்துகொண்டிருந்தது. வெளியே பலகையில் ‘வலி நிவாரணப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் அதை ‘அபின் ரூம்’ என்றார்கள். இன்னும் சிலர் ‘கஞ்சா மாத்திரை குடுக்கிற எடம்’ என்றார்கள்.

பதிவேட்டில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் புற்றுநோய், முற்றிய நிலை. ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம். பெயர், அட்டை எண், நோய், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எந்தத் தேதியில் எத்தனை கொடுத்தது, காலி அட்டை எத்தனை திரும்பி வந்தது. படுக்கையில் கிடக்கிறவர்கள் வர முடியாது என்பதால், அவர்களுக்குப் பதில் மாத்திரை வாங்க ஓர் ஆளின் பெயரும் உறவுமுறையும் எழுதியிருக்கும். அந்த ஆள் வந்தால்தான் மாத்திரை. கூடப்பிறந்தவனே வந்து நின்றாலும், பெயர் இல்லாவிட்டால் கிடையாது.

இந்த அனுமதி வருவதற்கு செம்மொழியும் டாக்டரும் இரண்டு வருடம் அலைந்திருந்தார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு குடும்பமும் மாத்திரைக்காகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. வழியிலேயே பாதி நாள் போய்விடும்.

அந்த ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை காளியம்மாள் நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள். மேலமருதங்குடிக்காரி. அவள் புருஷன் வீரையனுக்குக் கன்னத்தில் புற்று. நாற்பது வருடம் பிறத்தியார் வயலில் நாற்றுப் பறித்து, ஏர் ஓட்டி, கடைசி ஆறு வருடமாகத்தான் ஓர் ஏக்கர் வரும் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தன் சாகுபடி என்று செய்தவர். காளியம்மாள் காலி அட்டைகளை மேசைமேல் அடுக்கினாள்.

"உக்காருங்கக்கா. அவருக்கு வலி எப்படி இருக்கு? பத்துக்கு எத்தன சொல்றாரு?"

"எட்டுங்கிறாரு சிஸ்டர்."

செம்மொழி பக்கத்தைப் புரட்டினாள். ஒரு மாதத்துக்கு முன்பு மூன்று. அப்போது நாளைக்கு நான்கு மாத்திரை. அடுத்த முறை ஏழு என்றதும் டாக்டர் ஆறு மாத்திரையாக ஏற்றினார். ஏற்றிய பிறகு எட்டு.

"ஆறு மாத்திரையும் போடுறாரா?"

"போடுறாருங்க." பதில் பட்டென்று வந்தது.

அட்டைகள் சரியாக இருந்தன. இரண்டு வாரத்துக்குக் கொடுத்த எண்பத்துநான்கு குழியும் காலி.

"மலம் இளகறதுக்குக் குடுத்தோமே, அது தீந்துபோச்சா?"

"அது அப்படியே கெடக்கு சிஸ்டர். அதுக்குத் தேவையே வரல. காலையில எந்திரிச்சா சரியாப் போறாரு."

செம்மொழியின் பேனா நின்றது. பதினோரு வருடத்தில் அவள் பார்த்த அத்தனை பேருக்கும் மார்ஃபின் ஒன்றைத் தவறாமல் செய்திருந்தது. வயிற்றைக் கட்டிப்போடும். நாளைக்கு ஆறு மாத்திரை விழுங்குகிறவர் இளக்கும் மாத்திரை இல்லாமல் ஒரு வாரம் தாண்ட முடியாது. அப்படியானால் வீரையன் ஆறு விழுங்கவில்லை. ஆனால் அட்டை காலி.

செம்மொழி ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்து, "மழையா இருக்கு, பாத்துப் போங்க" என்று அனுப்பினாள். பிறகு டாக்டரின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

டாக்டர் ஃபாஜில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெளியில விக்கிறாங்களா?"

"தெரியல சார். அந்தக்கா அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு தோணுது. ஆனா தோணுறத வச்சி நோட்டுல எழுத முடியாதே."

"ஒரு மாத்திரை வெளிய போச்சுன்னு தெரிஞ்சா நம்ம அனுமதிய எடுத்துருவாங்க சிஸ்டர். மத்த முப்பது பேரும் மறுபடி தஞ்சாவூருக்குத்தான் போவணும்."

"நாளைக்கு வூட்டுக்கே போய்ப் பாத்துட்டு வந்துடுறேன் சார்."

மறுநாள் மழை விட்டிருந்தது. கல்லணைக் கால்வாய்க் கரையோடு செம்மொழி ஸ்கூட்டியில் போனாள். சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. மேலமருதங்குடியில் ஊரிலிருந்து விலகி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் காளியம்மாள் இருந்த தெரு. திருவையாற்றுக்கு அருகே தான் பிறந்து வளர்ந்த தெருவும் இப்படித்தான் இருக்கும் என்பதால், செம்மொழிக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வீரையன் கயிற்றுக்கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஐம்பத்து மூன்று வயது என்று பதிவேடு சொன்னது. பார்த்தால் எழுபது. கன்னத்துக் கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைக்கும்போது அவர் சத்தம் போடவில்லை. கட்டில் சட்டத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். தலைமாட்டில் ஒரு துண்டு கிடந்தது. அதன் ஓரம் முழுக்கப் பல் பட்டு நைந்திருந்தது.

புதுக் கட்டுப் போட்டு முடித்ததும் செம்மொழி கேட்டாள். "அண்ணே, மாத்திரை எங்க போவுது?"

வீரையன் கண்ணை மூடிக்கொண்டார். காளியம்மாள் அடுப்படியை நோக்கி நகர்ந்தாள்.

"நான் போலீஸ் இல்ல. கேட்டுட்டு என்ன செய்யலாம்னு பாக்கத்தான் வந்திருக்கேன்."

"சொல்லிடு" என்றார் வீரையன். வாய் சரியாகத் திறக்காததால் அந்த ஒரு சொல் வருவதற்கே நேரமானது.

காளியம்மாள் சொன்னாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பிரகதாம்பாள் அம்மா வீடு. இவர்கள் குத்தகைக்கு வைத்திருப்பது அவர்கள் நிலம்தான். புருஷன் போய் ஏழு வருடம், ஒரே மகன் பிரபு சிங்கப்பூரில். மூன்று வருடத்துக்கு முன்பு அந்தம்மாவுக்கு மார்பில் புற்றுக்கு ஆபரேஷன் நடந்தது. பிறகு சரியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். புரட்டாசிக் கடைசியில் வீரையன் வயலுக்குத் தண்ணீர் விடும் மோட்டார் முறை கேட்பதற்காகத் தட்டுத் தடுமாறி அங்கே போயிருக்கிறார். கொல்லைப்பக்கம் நிற்கும்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டிருக்கிறது.

"கன்னு போட முடியாத மாடு முனகுமே, அதுமாரி இருந்திச்சாம். இவருக்குக் கேட்ட ஒடனே தெரிஞ்சிபோச்சு. மாத்திரைக்கு முன்னாடி இவரும் அப்படித்தானே கெடந்தாரு. அன்னிக்கு மேல்சட்டைப் பையில வச்சிருந்த மாத்திரையக் குடுத்துட்டு வந்துட்டாரு. அந்தம்மா தூங்கிட்டாங்க. மறுநா ஆள் விட்டுக் கேட்டாங்க."

"அப்பறம் தெனமும் குடுத்தீங்களா?"

"நான் அந்தம்மா வூட்டு மாட்டுக்கொட்டாயி கூட்டப் போவும்போது காயிதத்துல மடிச்சி எடுத்துக்கிட்டுப் போவேன். மொதல்ல ரெண்டு. ஆறாக் கூட்டினீங்கல்ல, அப்பலேர்ந்து மூணு." காளியம்மாள் தலைமாட்டுத் துண்டை எடுத்துக் காட்டினாள். "நான் வேணாம்னுதாங்க சொன்னேன். அந்தம்மா நிம்மதியாத் தூங்குறாங்க, இவரு துண்டக் கடிச்சிக்கிட்டுக் கெடக்குறாரு. நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?"

செம்மொழிக்குக் கோபமாக வந்தது. "அவங்களுக்கு கிட்னி எப்படி இருக்கு, என்ன வயசு, எதுவுமே நமக்குத் தெரியாதுக்கா. மூச்சு நின்னுபோயிருந்தா கொலைக்கேசு. உங்கமேலயும் கேசு, எங்கமேலயும் கேசு. அந்த ரூமையே மூடியிருப்பாங்க."

வீரையன் மெல்ல எழுந்து உட்கார முயன்றார். "அவங்களையும் நோட்டுல எழுதிக்கங்க. அப்ப நான் குடுக்க வேணாம்ல."

"அவங்க ஏன் அங்க வரல?"

"பேரு எழுதுவாங்கன்னு பயம்."

செம்மொழி அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தாள். அவர், "நீங்க போய்ப் பேசுங்க. சம்மதிச்சாங்கன்னா நாளைக்கே நான் வந்து பாக்குறேன்" என்றார்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அவள் அந்த வீட்டின் முன்வாசலில் போய் நின்றாள். பிரகதாம்பாள் கூடத்தில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபத்து நான்கு வயது. தலைமுடி நன்றாகச் சீவியிருந்தது. உட்கார்ந்திருந்த விதத்திலேயே, அசைந்தால் எங்கே வலிக்கும் என்று அவர் அறிந்து வைத்திருப்பது தெரிந்தது.

மாத்திரையைப் பற்றிப் பேச வந்ததாகச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"காளி சொல்லிட்டாளா?"

"நானாத்தாம்மா கண்டுபிடிச்சேன். உங்களுக்கு இந்த மாத்திரை தேவைப்படுதுன்னா முறையா வாங்கிக்கலாம். டாக்டர் வந்து பாப்பாரு. ஒரு அட்டை போடுவோம், அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு நீ சொல்லிடுவ. என் பேரு அந்த நோட்டுல ஏறிடும். எம்மவன் இருக்கிற ஊருல பொட்டலம் வச்சிருந்தாலே தூக்குல போடுறான். அவனுக்குத் தை மாசத்துல வேலை பாஸ் புதுப்பிக்கணும். அம்மா பேரு போதை நோட்டுல இருக்குன்னா என்ன ஆவும்? சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க? போலீசு வூட்டுக்கு வந்து நிப்பான்."

"போலீசு வராதும்மா. வியாதிக்காக டாக்டர் எழுதிக் குடுக்கிற மருந்து இது. அந்த நோட்டு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பூட்டுக்குள்ள இருக்கு. மருந்து ஆய்வாளர் வந்து மாத்திரைக் கணக்கு சரியான்னு பாப்பாரு. வேற யாருக்கும் அதத் தொறக்கிறதில்ல."

பிரகதாம்பாள் நம்பவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சரி, அந்த நோட்டக் கொண்டா. யாரு யாரு பேரு இருக்குன்னு பாக்குறேன். எங்க வகையறாவுல யாராச்சும் இருந்தாங்கன்னா எம்பேரையும் எழுதிக்க."

"அதக் காட்ட மாட்டேம்மா."

"ஏன்?"

"உங்க சொந்தக்காரங்க அதுல இருக்காங்களா இல்லையான்னுகூட சொல்ல மாட்டேன். நாளைக்கு அவங்க வந்து உங்களப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான்."

அந்தம்மா அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கோபப்படுவாரோ என்று செம்மொழி நினைத்தாள். அவர் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வீரையன் பேரு மட்டும் எனக்குத் தெரியுமே."

செம்மொழி பதில் சொல்லவில்லை.

"சொல்ல மாட்ட. சரி. அவனுக்கு கவுர்மெண்டுல கூடுதலாக் குடுக்குறாங்களாம். மிச்சம் கெடக்குது, வாங்கிக்கங்கன்னுதான் அனுப்புனான். நானா ஒண்ணும் புடுங்கித் திங்கல."

ஒரு நோயாளியின் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. ஆனால் தன் அறை எப்படி நடக்கிறது என்று சொல்லலாம். செம்மொழி நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா, நாங்க யாருக்கும் கூடுதலாக் குடுக்கிறதில்ல. ஒரு நாளைக்கு எத்தன வேணுமோ அத எண்ணித்தான் குடுப்போம். யாருகிட்டயும் மிச்சம் இருக்காது."

பிரகதாம்பாள் முதலில் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவது நின்றது. கை மெல்ல எழும்பி வாயை மூடிக்கொண்டது.

"அப்ப அவன்..."

செம்மொழி தரையைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா" என்றார் பிரகதாம்பாள். "ஒரு மாசமா நான் அவன் வலியத் தின்னிருக்கேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, அந்தக் குலுக்கலில் முதுகு வலித்து ஒரு முனகல் வந்தது. செம்மொழி எழுந்து போய்த் தலையணையைச் சரி செய்தாள். அதில் சாய்ந்த பிறகு அவர் சொன்னார்:

"எழுதிக்க."

வியாழக்கிழமை டாக்டர் ஃபாஜில் வந்தார். பீரோவிலிருந்து பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நோய் எலும்புக்குப் பரவியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. "வலிய நாங்க பாத்துக்குறோம்மா. நோய முழுசாத் தீக்க முடியும்னு சொல்ல மாட்டேன்." பிரகதாம்பாள், "அது எனக்கே தெரியும் டாக்டர்" என்றார்.

செம்மொழி கொண்டுவந்திருந்த படிவத்தில், மாத்திரை வாங்க வரும் ஆளின் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது. மகன் வெளிநாட்டில். தஞ்சாவூரில் கொழுந்தன் குடும்பம் இருந்தது. அவர்கள் வேண்டாம் என்று அந்தம்மா உடனே சொல்லிவிட்டார்.

"காளியம்மாள எழுதுங்க. எப்படியும் செவ்வாக்கெழம அங்கதானே வர்றா."

"அவங்க ஒத்துக்கணும்" என்றாள் செம்மொழி.

காளியம்மாளை அழைத்து வரச் சொன்னார்கள். அவள் வழக்கம்போலக் கொல்லைப்பக்கமாக வந்து சமையல்கட்டு வாசலில் நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். புடவை முந்தானையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"வாங்கிக்கிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு. இத்தன நாளும் திருட்டுச் சாமான் மாதிரி காயிதத்துல மடிச்சி, கொல்ல வழியா வந்து குடுத்தேன். இனிமே அப்படிக் குடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரி கவரோட முன்வாசல்ல வந்து, இந்தக் கூடத்துல வச்சித்தான் குடுப்பேன். சம்மதம்னா எழுதுங்க."

டாக்டர் தன் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் இருந்தார்.

"முன்னாலயே வா" என்றார் பிரகதாம்பாள். பிறகு, பழக்கமில்லாத ஒரு சொல்லைப் பழகுகிறவர்போல, "வந்து உக்காந்துட்டுப் போ, காளியம்மா" என்றார்.

உறவுமுறை என்ற கட்டத்துக்கு வந்ததும் செம்மொழி தயங்கினாள்.

"சொந்தம்னு எழுதினா தப்பா?" என்று கேட்டார் பிரகதாம்பாள்.

"இதுல இல்லாதத எழுதக் கூடாதும்மா."

"தெரிஞ்சவங்கன்னு எழுதுங்க சிஸ்டர்" என்றாள் காளியம்மாள். "நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து தெரியும்."

அப்படியே எழுதினாள். காளியம்மாள் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். மருத்துவமனைக்குத் திரும்பியதும் பிரகதாம்பாள் பதிவேட்டில் முப்பத்திரண்டாம் பெயராக ஏறினார்.

இனி பாக்கி இருந்தது கைமாறிப்போன அந்த மாத்திரைகளின் கணக்கு. முதல் இரண்டு வாரம் நாளைக்கு இரண்டு, அடுத்த இரண்டு வாரம் மூன்று. எழுபது. யாருக்கும் தெரியாமல் விட்டிருக்கலாம். காலி அட்டை எல்லாமே திரும்பி வந்திருந்தது. பதிவேட்டைப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. அன்று மாலை செம்மொழியும் டாக்டரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அதைப் பற்றி நிறைய நேரம் பேசினார்கள்.

"எழுதினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல" என்றார் டாக்டர்.

"எழுதலைன்னா இந்த நோட்டுல அடுத்து எழுதுறது எதையும் என்னால நம்ப முடியாது சார்."

எழுதினார்கள். நடந்தது இன்னது, காரணம் இன்னது, பிறகு செய்தது இன்னது என்று ஒன்றரைப் பக்கம். இருவரும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து மருந்து ஆய்வாளர் வந்தார். ரெத்தினம் என்று பெயர், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. மாத்திரைகளை எண்ணினார். பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அந்த ஒன்றரைப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அந்த நேரம் முழுவதும் செம்மொழி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரத் தோன்றவில்லை.

"இதை நீங்க எழுதாம விட்டிருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரியும் சார்."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

செம்மொழி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். "நடந்துதுங்க சார். அதான்" என்றாள்.

அவர் எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். அந்த இரண்டு நோயாளிகளுக்கும் இனி ஒரு வாரத்துக்கு மட்டுமே மாத்திரை, மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அனுமதி தப்பித்தது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பஸ் ஏறிய காளியம்மாள் வாராவாரம் ஏற வேண்டியதாயிற்று. அவள் அதற்கு முணுமுணுத்தாள். செம்மொழி மன்னிப்புக் கேட்டாள்.

வீரையன் ஆறு மாத்திரையையும் தானே விழுங்கத் தொடங்கினார். இரண்டே நாளில் வலி இரண்டுக்கு வந்தது. இளக்கும் மாத்திரையும் தேவைப்பட்டது. காளியம்மாள் அதைச் சொல்லும்போது செம்மொழி சிரித்துவிட்டாள். கார்த்திகை முழுவதும் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வயல்வரை போய் வந்தார். மார்கழியில் கதிர் வெளியே வந்ததைப் பார்த்தார்.

அதே மாதத்தில் ஒரு நாள் காலை பிரகதாம்பாள் ஆட்டோ வைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு காளியம்மாள் சொன்னாள். பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் வீரையா, எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்பீங்க."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

காளியம்மாள் டீ கொடுத்தாள். பிரகதாம்பாள் வாங்கிக் குடித்தார். பயிர் எப்படி இருக்கிறது, அறுப்புக்கு எந்த மெஷினைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டார். வீரையன் ஒவ்வொன்றுக்கும் மெல்ல மெல்லப் பதில் சொன்னார். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்.

பிரபுவிடம் அவரே வீடியோ காலில் சொன்னார். நோட்டில் பெயர் எழுதியதைச் சொன்னபோது அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நோய் திரும்பி வந்ததைத் தன்னிடம் மறைத்ததற்காகத்தான் அழுதான். தை மாதம் அவனுடைய பாஸ் புதுப்பிக்கப்பட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாசியில் இருபது நாள் லீவில் வருவதாகச் சொன்னான்.

வீரையன் தை இருபதாம் தேதி காலமானார். பகல் பதினொரு மணி இருக்கும். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கஞ்சி இரண்டு வாய் குடித்துவிட்டுப் படுத்தவர் அப்படியே போய்விட்டார். முகத்தில் வலி இல்லை என்று காளியம்மாள் போனில் சொன்னாள். வேறு எதையும்விட முதலில் அதைத்தான் சொன்னாள்.

துக்கத்துக்கு செம்மொழியும் டாக்டரும் போய் வந்தார்கள். மாத்திரையைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பிரகதாம்பாளின் மாத்திரையை மருத்துவமனை வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும் என்று செம்மொழி நினைத்திருந்தாள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கெல்லாம் காளியம்மாள் வாசலில் நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பையிலிருந்து மிச்ச மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பத்தொம்பது இருக்கு. எண்ணிப் பாத்துக்கங்க."

செம்மொழி எண்ணினாள். வீரையனின் பக்கத்தில் திரும்ப வந்ததை எழுதினாள். தேதி போட்டாள். கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தாள். காளியம்மாள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இந்த வாரமே வந்திருக்க வேணாங்கா. அந்தம்மாவுக்கு வேற ஆள் பேர எழுதணும்னாலும் எழுதிக்கலாம். நான் பேசிக்கிறேன்."

"யார எழுதுவீங்க?"

செம்மொழி பேனாவைக் கீழே வைத்தாள்.

"வூட்டுலேயே உக்காந்திருந்தா அவரு நெனப்பாவே இருக்கு சிஸ்டர்" என்றாள் காளியம்மாள். "பஸ்ஸுல வந்தா நாலு பேரப் பாக்கலாம். அந்தம்மா வேற காலையிலேர்ந்து வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

செம்மொழி பிரகதாம்பாளின் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு வாரத்துக்கான மாத்திரையை எண்ணி, கவரில் போட்டுத் தந்தாள். காளியம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊருக்குப் போகும் திருக்காட்டுப்பள்ளி பஸ் வந்துவிடும் என்று அவசரமாக வெளியே நடந்தாள்.